ஈஜிபுரா ஆட்டுக்கல்: கொத்துவதா, விடுவதா?

பெங்களூரு ஈஜிபுராவின் குறுக்குத் தெருக்களில் ஆட்டுக்கல்லுக்கு வாய்த்த இடம் மாடிப்படிக்கு அடிதான். இருபதுக்கு முப்பது சைட்டில் மூன்று மாடி எழுப்பிவிட்டால் வேறு இடம் ஏது? ஸ்கூட்டருக்கும் காலி சிலிண்டருக்கும் நடுவில், தண்ணீர் மோட்டாருக்குத் துணையாக அது கிடக்கும். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கல்லும் அப்படிப்பட்டதே. வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து சீர்வரிசையோடு லாரி ஏறி வந்தது. உரிமை கோருவோர் மூவர்: அக்கா, தம்பி, அம்மா.

அக்காவின் கோரிக்கை பால்கனி சம்பந்தப்பட்டது. குழியில் தண்ணீர் ஊற்றிச் சாமந்தி மிதக்கவிட வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் விலைக்கு நிற்பதைப் பார்த்தவர் அவர். 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவுக்கும் போயிருக்கிறார். பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்தியிருக்கும் இடம் அது. ‘பாரம்பரியம்’ என்ற சொல் அவர் வாயில் புழங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதற்கு முன் இதே கல்லுக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘தோள்பட்டை வலி’. சனிக்கிழமை சாயங்கால மாவு அவர் பொறுப்பில் இருந்தது.

லக்கேஜ் ஆட்டோ ஓட்டும் தம்பியோ, கோயம்புத்தூர் சபாபதி 1955இல் வெட் கிரைண்டர் செய்தபோதே இந்த வழக்கு முடிந்துவிட்டது என்ற கட்சி. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டதால் அதுவும் பாரம்பரியம்தான், அதிலும் ஸ்விட்ச் உள்ள பாரம்பரியம் என்பது அவர் வாதம்.

தம்பி மகன் பள்ளி நோட்டில் கல்லை வரைந்து, கீழே கன்னடத்தில் ‘ஒரளு கல்லு’ என்று எழுதியிருந்தான். மொழி போச்சு என்று அக்கா ஒரு வாரம் வருந்தினார். உரலும் ஒரளும் ஒரே வேர் என்பதால் ஒரு வாரம் சற்று அதிகம். அவர் பக்கத்திலிருக்கும் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்கு ஒரு நடை போய் வரலாம். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905இலேயே அச்சேற்றிவிட்டார். பெயரைக் கேட்டு மதுரைச் சிவன் என்று நினைத்து உள்ளே போனால் நிற்பவர் பெருமாள்.

சிக்கல் முற்றியது அம்மாவால். ஆட்ட ஆட்ட ஆட்டுக்கல்லின் குழி வழவழத்துவிடும். உளியால் பொளிந்து சொரசொரப்பாக்கினால்தான் அரிசி மசியும். ஒருநாள் தெருவில் “அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா” என்று குரல் வந்ததும் அம்மா ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். தற்செயலாக வந்திருந்த அக்கா உளியின் குறுக்கே கையை நீட்டினார். அந்த வழவழப்பில்தான் அறுபது வருஷம் இருக்கிறதாம்.

“கொத்தாத கல்லுல மாவு வழுக்கிக்கினு போவும்டி. உங்கப்பாவுக்கு இந்தக் கல்லு தோசதான் எறங்கும்,” என்றார் அம்மா. கொத்த வந்தவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

இத்தகைய தகராறுகளுக்கென்றே 1964இல் வெனிஸ் சாசனம் எழுதப்பட்டது. எழுதியவர்கள் நினைவுச் சின்னங்களை மனத்தில் வைத்திருந்தார்கள், மாடிப்படிக்கு அடியை அல்ல, ஆனாலும் பொருந்துகிறது. பயன்பாட்டில் இருப்பது பாதுகாப்புக்கு உதவும் என்கிறது ஐந்தாம் பிரிவு: அம்மாவுக்கு ஒரு புள்ளி. சின்னத்தை அதன் இடத்திலிருந்து பிரிக்கலாகாது என்கிறது ஏழாம் பிரிவு: பால்கனி அடிபட்டது. வட ஆற்காட்டிலிருந்து லாரி ஏற்றியபோதே அந்தப் பிரிவு மீறப்பட்டுவிட்டதே என்று அக்கா கேட்டால் பதில் சொல்வது கடினம். நல்லவேளை, அவர் அதைப் படித்ததில்லை.

கடைசியில் பாதிக் குழி கொத்தப்பட்டது. கூலியும் பாதிதான் என்று தம்பி பேரம் பேசினார். வந்தவர் முழுதாகவே வாங்கிக்கொண்டு போனார்.

கல்லுக்கு இப்படி மூன்று கட்சி. குழவியை இதுவரை யாரும் கேட்கவில்லை. அது தெருச் சரிவில் தம்பியின் ஆட்டோ பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.