பழங்காருக்கு இரும்புக் கொட்டகை எழுப்புதல்: ஓர் ஆய்வு

பழைய காரைப் புதுப்பிக்க விழையும் ஒருவர் முதலில் வாங்க வேண்டியது எது என்னும் வினா நெடுங்காலமாக ஆராய்வாரின்றிக் கிடக்கிறது. கார் என்பாரும் உளர். அவர் கூற்று பொருந்தாது. கார் வந்து வேப்பமரத்தடியில் நின்று காக்கை எச்சம் வாங்கிய பிறகே கொட்டகை வேண்டும் என்ற ஞானம் பிறக்கிறது; கொட்டகை முடியும்வரை காரை யாரும் தொடுவதில்லை. ஆகவே இப்பொழுதுபோக்கின் மெய்ப்பொருள் கொட்டகையே, கார் அதற்கு ஒரு சாக்கு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலொட்டி வரைந்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வெளிவந்து, 1961 முதல் சென்னையில் தயாரானது. நீளம் ஏறத்தாழ 12 அடி 9 அங்குலம், அகலம் 5 அடி. இக்கணக்கை நம்பிப் பதினைந்தடிக் கொட்டகை போட்டவர், எஞ்சினைப் பார்க்க ஒவ்வொரு முறையும் வண்டியை வெளியே தள்ள வேண்டியதுதான். ஏனெனில் ஹெரால்டின் பானெட், இரண்டு மட்கார்டுகளையும் ஹெட்லைட்டுகளையும் சுமந்துகொண்டு அப்படியே முன்பக்கமாகச் சாய்வது. பாடியும் துண்டு துண்டாகச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. கழற்ற எளிது என்பது இதன் புகழ். கழற்றிய ஒவ்வொன்றும் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கேட்கும் என்பது யாரும் சொல்லாதது.

செங்கல்லை விலக்கி இரும்பைக் கொண்டது என்னையெனின், செங்கல் கட்டடத்துக்கு வீட்டாரின் ஒப்புதல் வேண்டும். இரும்பை, ‘வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்’ என்று சொல்லியே எழுப்பிவிடலாம். கழற்றியதாக வரலாறு இல்லை.

அதன் கூரையாகும் நெளித் தகட்டுக்கு 1829இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ராபின்சன் பாமர். கையால் வளையும் தகடு, நெளிவு பெற்றதும் ஆள் பாரம் தாங்குகிறது. துத்தநாகப் பூச்சுக்கு 1837இல் காப்புரிமை பெற்றவர் பிரெஞ்சுக்காரர் சோரெல். இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு இரும்பைக் காப்பது துத்தநாகத்தின் குணம். வீட்டுக்கு ஒருவர் இப்படி இருப்பார்.

இனி, இத்துறையின் தலையாய முரண். தகரம் இரவில் வானை நோக்கி வெப்பத்தை விட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. மார்கழி விடியலில் உள்ளிருக்கும் ஈரக்காற்று அதன் அடிப்புறத்தில் பட்டு முத்து முத்தாக வியர்க்கிறது. அந்நீர் நெளிவு வழியே ஊர்ந்து வந்து, தகட்டைத் தாங்கும் பர்லின் சட்டத்தைத் தொட்ட இடத்தில் சொட்டுகிறது. அவ்விடத்துக்கு நேர் கீழே, பெயின்ட் அடிப்பதற்காகத் தேய்த்து வைத்த பானெட் இருக்கும் என்பது விதி. மழைக்கு அஞ்சிக் கட்டியது, மழையில்லாத நாளிலும் பெய்கிறது. பகலில் கதை வேறு. இருபதடித் தகடு முப்பது டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். பொழுது சாய்ந்து சுருங்கும்போது ‘டொக், டொக்’ என்று கேட்கும். அது காரின் முந்தைய சொந்தக்காரர் என்பது பக்கத்து வீட்டுப் பாட்டியின் கொள்கை. மறுக்கத்தக்க சான்று இன்னும் கிட்டவில்லை.

கொட்டகை முடிந்தபின் நிகழ்வது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. வெற்றிடம் கண்டால் வீடு பரவும். முதலில் தேங்காய் மூட்டை, ‘ரெண்டு நாளைக்குத்தான்’ என்ற அடைமொழியுடன் வரும். பின்னே மாமாவின் இரும்புக் கட்டில், கொலுப்படி, ஓடாத கிரைண்டர். ஈற்றில் இடம் போதாமல் வெளியேற்றப்படுவது எது என்பதை உய்த்துணர்க.

இவ்வளவும் படித்த பிறகும் கொட்டகை போடுவேன் என்பவர்கள் இருபதுக்கு முப்பதடிக்குக் குறைக்க வேண்டாம். தரை, வெளிமட்டத்தைவிட அரையடி உயரட்டும். தகட்டுக்கு அடியில் இன்சுலேஷன் விரித்து, உச்சியில் காற்றுப் போக வழி விடுங்கள். ஷட்டருக்கு ஒரே சாவி போதும். அதையும் வீட்டுச் சாவிக்கொத்தில் மாட்டாதீர்கள்.