பத்து விரலும் பத்திரம்

அமீரகத்தில் குடியிருப்பவனின் விரல்கள் முழுக்க அவனுக்கே சொந்தம் என்று சொல்லிவிட முடியாது. எமிரேட்ஸ் ஐ.டி.க்காகக் கண்ணாடித் தட்டில் அழுத்தி எடுத்த பத்து ரேகையும் அரசாங்கத்திடம் இருக்கிறது. ஆபீஸ் வாசலில் இருக்கும் வருகைப் பதிவு மெஷினும் தினமும் ஒரு விரலைக் கேட்கிறது. இங்கே மரம் அறுக்கும் டேபிள் சா வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பைப் பற்றி யோசிக்க இதைவிடக் காரணம் வேண்டுமா? விரல் போனால் வலியை டாக்டர் பார்த்துக்கொள்வார். அரசு விண்ணப்பம் நிரப்பும் டைப்பிங் சென்டரில் டோக்கன் எடுத்து உட்கார்ந்து விளக்கம் சொல்லப் போவது யார்?

எனக்கு வந்த தச்சு ஆசைக்கெல்லாம் மூல காரணம் ஷார்ஜா அரசு. 2022 ஜனவரியிலிருந்து அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் விடுமுறை. பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கெழுதும் எனக்கும் அது வாய்த்தது. ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் தூங்குவான்? வெள்ளியன்று தூங்கினேன், சனியன்று லுலுவில் தள்ளுவண்டி தள்ளினேன், ஞாயிறன்று யூடியூபில் தச்சு வேலை பார்த்தேன். சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆசாரிக்கு ஆள் அனுப்பிய வம்சம் எங்களுடையது. அதில் முதல் ஆசாரி உருவானது இப்படித்தான்.

தச்சனாவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடையாது. நாட்டின் தேசிய மரம் காஃப்; அதன்மேல் கை வைக்க முடியாது. பேரீச்ச மரம் நார்க்கட்டு, பலகைக்கு ஆகாது. இந்தக் கரையில் ஓடிய மரக்கலங்களுக்கு நல்ல தேக்கு மலபாரிலிருந்துதான் வந்தது. கோழிக்கோட்டுக்குப் பக்கத்து பேப்பூரில் உரு என்ற மரக்கலத்தையே முழுதாகக் கட்டி அரபிகளுக்கு விற்றார்கள். கட்டும் கையும் இங்கே இல்லாமல் இல்லை. 2020இல் துபாயில் 91.47 மீட்டர் நீள மரக்கலம் ஒன்றைக் கட்டி கின்னஸ் வாங்கினார்கள். அதே ஆகாயத்தின் கீழ் நான் கட்ட நினைத்தது ஆறடி மேசை.

மரத்துக்கு இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒதுக்கிப் போட்ட, சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகள் இருக்கின்றன. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. என்றிருந்தால், பூச்சி சாக மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடேற்றி 30 நிமிடம் வைத்தது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு விஷப்புகை போட்டது. வீட்டுக்குள் நுழைய விடக்கூடாது. ஜூலை மாதம் எங்கள் முற்றத்தில் நிற்கும் எனக்கே எச்.டி. முத்திரை குத்தலாம்.

முதலில் பட்டறை மேசை. கால்களுக்கு நாலுக்கு நாலு பைன் கட்டை, மேலே 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டு அடுக்கு. யூடியூபில் வெள்ளைக்காரர் பசை போட்டு, பொழிவாய் வெட்டி, பேரன் காலத்துக்கும் சேர்த்துச் செய்கிறார். அவருக்கு விசா பிரச்சினை இல்லை. நம் மேசைக்குப் பசையே கிடையாது, எல்லாம் போல்ட், நட். இன்று முற்றமுள்ள பழைய வில்லா. நாளை வாடகை ஏறினால் பத்தாம் மாடி ஃபிளாட். மேசை கழன்று லிஃப்டில் நுழைய வேண்டும். உயரம் மட்டும் ரம்ப மேசையைவிட ஒரு நூல் தாழ்வாக இருக்கட்டும். அறுபட்டு வரும் பலகை தட்டாமல் வழுக்கி இதன்மேல் வந்து உட்காரும்.

அடுத்தது ரம்பம். பத்து அங்குல பிளேடு, நிமிடத்துக்கு 4,800 சுற்று. கணக்கெழுதும் பிழைப்பாயிற்றே, போட்டுப் பார்த்தேன். பல்லின் வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர். 140 எல்லையுள்ள சாலையில் இந்த வேகம் போனால் 3,000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளி, வண்டிக்கு 60 நாள் சிறை. அந்தச் சாலையில் 60இல் ஊர்வதற்கே கிளாஸ், பார்க்கிங் டெஸ்ட், ரோடு டெஸ்ட் என்று சொத்தை எழுதி வாங்கிவிட்டுத்தான் லைசென்ஸ் தருகிறார்கள். ரம்பத்துக்குக் கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: "கார்டா, கேஷா?"

ஆகவே டெஸ்ட் வைக்க நானே ஓர் ஆளைக் கூப்பிட்டேன். தென்காசிக்காரர், இங்கே ஃபர்னிச்சர் பட்டறையில் ஃபோர்மேன். தலை நரைத்தும் விரல் பத்தும் இருப்பதுதான் அவருடைய சர்டிபிகேட். வந்ததும் மெஷினைப் பார்க்கவில்லை, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாச்சி, முதல்ல இந்தக் கைலிய மாத்திட்டு வாங்க. கழுத்துல தொங்குற ஐ.டி. கயித்தக் கழத்துங்க. கையுறை எதுக்கு? துணி நுனிய புடிச்சா கையச் சேத்துல்லா இழுத்துட்டுப் போவும்."

பிறகு பாடம். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய தகட்டைக் கழற்றவே கூடாது. அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் காப்பது அதுதான். அது இல்லாவிட்டால் பின்பக்கத்துப் பல் மேலெழும்போது பலகையைத் தூக்கி, அறுக்கிறவன் வயிற்றைப் பார்த்து எறியும். ஆகவே பிளேடுக்கு நேரே நிற்காமல் ஓரமாக நிற்க வேண்டும். பல், மரத்துக்கு மேல் கொஞ்சமாக எட்டிப் பார்த்தால் போதும். சின்னத் துண்டைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். பிளேடு மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

"மெஷின் ஓடும்போது யாரு கூப்பிட்டாலும் திரும்பப்படாது. வீட்டம்மா கூப்பிட்டாலும் சரி, அர்பாப் கூப்பிட்டாலும் சரி."

மனைவி குரல், முதலாளி குரல் இரண்டில் எதைக் கேட்டு அதிகம் பயப்பட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

விஞ்ஞானத்தைச் சொல்லி அவரை மடக்கப் பார்த்தேன். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் பௌதிகம் படித்த காப்புரிமை வக்கீல், ஓய்வு நேரத் தச்சர். 1999இல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பிளேடில் சின்ன மின்சமிக்ஞை ஓடும். உடம்பு பட்டால் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பல்லில் சொருகி, ஐந்து மில்லி செகண்டுக்குள் பிளேடை நிறுத்திவிடும். சாசேஜை வைத்துக் காட்டியவர், பிறகு சொந்த விரலையே வைத்தும் காட்டினார். சாஸ்டாப் என்ற கம்பெனி அப்படிப் பிறந்தது. ஒரு முறை நின்றால் அந்தக் கட்டையும் போச்சு, அநேகமாகப் பிளேடும் போச்சு. ரொம்ப ஈரமான பலகையும், சில சமயம் ஆணியும்கூட அதை ஏமாற்றிவிடலாம்.

தென்காசிக்காரர் கேட்டுக்கொண்டார். என் பேலட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். "இதுல இருக்க ஆணிக்கு உங்க சம்பளம் பூரா அந்தக் கட்ட வாங்கவே சரியாப் போவும். பயம் இருக்கட்டும் அண்ணாச்சி. அதுக்குச் செலவே இல்ல."

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு திருத்தங்கள் நிறைவேறியுள்ளன: ஆண்டு முழுவதும் செல்லும், இரவு எட்டு மணிக்கு மேலும் செல்லும். மிச்ச நேரத்தில் மேசை முடிந்தது. அதன்மேல் முதலில் செய்தது, ரம்பத்துக்கு ஒரு ஸ்டாண்டு. இரண்டாவது, தள்ளுகட்டைகளை மாட்டி வைக்க ஒரு பலகை. வீட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று மனைவி கேட்கும் நாளில் நான் ஓரமாக நிற்கிறேன்.

விசா முடிந்து ஊருக்குப் போகும்போது சோபாவையும் ஃபிரிட்ஜையும் விற்றுவிடலாம். மேசையை விற்க மனமில்லை. கார்கோக்காரரிடம் ரேட் கேட்டு வைத்தேன்.

"எத்தனை கிலோ சார்? உள்ள என்ன?"

"மரம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தியாவுக்கா?"