உத்திர வீதியின் நிரந்தரவாசி

பெறுநர்: நாய்களின் நலத்தையும் குடிமக்களின் பொறுமையையும் ஒருசேரப் பரிபாலித்து வரும் மாண்புமிகு அலுவலகம்.

பொருள்: திருவரங்கத்து வீதியொன்றில் உண்மையாகக் குடியிருப்பவர் யார் என்னும் ஐயத்தைத் தீர்த்துவைத்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: மனுதாரரின் வலது கெண்டைக்கால்.

மதிப்பிற்குரியீர்,

குடியிருப்பு என்னும் சொல் நகர நிர்வாகத்தில் இருவேறு பொருளில் வழங்குகிறது என்பதைத் திருச்சிராப்பள்ளி மக்கள் தங்கள் தயவால் இப்போது கற்றுக்கொண்டிருக்கின்றனர். மனிதரைப் பொறுத்தவரை அது ஆதார், குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றால் மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒன்று. இவற்றுள் ஏதேனும் ஒன்றில் கதவு எண் பிசகியிருந்தால், நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டிலும் அவர் குடியிருக்கவில்லை என்றாகிவிடும். தெருநாய்க்கோ அது பிறப்புரிமை. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் (1960) கீழ் 2001இல் வகுக்கப்பட்டு, 2023 மார்ச்சில் புதிதாக அறிவிக்கப்பட்ட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், பிடித்த நாய்க்குக் கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்து, காதில் அடையாள வெட்டு இட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடவேண்டும் என்கின்றன. தெருநாயை அவை ‘சமூக விலங்கு’, அதாவது தனியொருவரின் உடைமையாகாமல் ஓர் இடத்தைச் சார்ந்து வாழும் விலங்கு என்று வகைப்படுத்துகின்றன. ஆக, முகவரிச் சான்று கேட்கப்படாமலேயே முகவரி ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும் ஒரே தெருவாசி நாய்தான்.

இக்கோட்பாட்டைத் தங்கள் அலுவலகம் செயலில் விளக்கிக் காட்டிய நேர்த்தி பதிவு செய்யத்தக்கது. விடியற்காலையில் விஸ்வரூப தரிசனத்திற்காகக் கிழக்கு உத்திர வீதி வழியே நடந்துகொண்டிருந்த மனுதாரரை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரை, வால்நுனி மட்டும் வெளுத்த ஒரு செவலை நாய் பின்புறமிருந்து வந்து கவ்விற்று. வேட்டியில் இரண்டு துளையும் காலில் நான்கு துளையும் விழுந்தன. ஐந்தாம் நாள் மனுவுடன் வந்தவரிடம் முதலில் கேட்கப்பட்டது, கடித்த நாயின் காதில் வெட்டு இருந்ததா என்பது. கடிபடும்போது ஆள் பார்ப்பது காதை அன்று என அவர் தெரிவித்ததற்கு, “அதக்கூடப் பாக்காம எப்படி சார் மனு எழுதுனீங்க?” என்ற வினா எழுந்தது, வரிசையில் நின்றவர்கள் சிரித்தனர். அடுத்து ஆதார் வாங்கிப் பார்க்கப்பட்டது. அதில் இருந்த முகவரி மேலூர் சாலை. பதினெட்டாம் நாள் கைப்பேசிக்கு வந்த பதில் வருமாறு: குறிப்பிடப்பட்ட நாய் அவ்வீதியைச் சார்ந்தது எனக் கள ஆய்வில் தெரியவருகிறது; மனுதாரர் அவ்வீதியில் வசிப்பவர் அல்லர்; மனு முடித்துவைக்கப்பட்டது.

உரையாசிரியர் ஒருவர் அமர்ந்து எழுதியிருந்தாலும் இத்தனை செறிவு கூடியிராது. கடித்தவர் தெருவாசி, கடிபட்டவர் அயலார் என்றானபின், எல்லை கடந்து வந்த ஒருவரைத் தடுத்து நிறுத்திய தெருவாசிமீது நடவடிக்கை எடுக்க எந்த விதியில் இடமிருக்கிறது? செவலையிடம் ஆதார் கேட்கும் துணிவு கள ஆய்வுக்குச் சென்றவருக்கு இல்லாமற்போனதும் புரிந்துகொள்ளக்கூடியதே.

காது வெட்டைப் பற்றிய வினா அடிப்படையில் வீணானதன்று. ‘கு.க.’ ஆன நாயை மறுபடி பிடித்துக்கொண்டுபோய் மேசையில் கிடத்தாமலிருப்பதற்காக இடப்படும் குறி அது. ஆனால் அறுவை நாயின் ஆயுளில் ஒருமுறை நிகழ்வது. தடுப்பூசியோ குறித்த காலத்தில் திரும்பத் திரும்பப் போடப்பட வேண்டியது. முன்னது நடந்ததைக் காது சொல்லும், பின்னது தொடர்ந்து நடக்கிறதா என்பதைக் காது சொல்லாது, ஏடுதான் சொல்லவேண்டும்; அந்த ஏடு இருக்கிறதா என்று மனுதாரர் கேட்டபோது, அவருடைய வாக்காளர் அட்டையிலாவது உத்திர வீதி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கப்பட்டது. எனவே அவர் மருத்துவர் சொன்ன பழைய வழியைக் கைக்கொண்டார். கடித்த நாய் பத்து நாள் நோயின்றி உயிரோடிருந்தால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திராது என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஒப்பும் கணக்கு. அதன்படி மனுதாரர் நாள்தோறும் மேரி பிஸ்கட்டுடன் அதே வீதிக்குச் சென்று, நின்றிருக்கும் டி.வி.எஸ். 50 வண்டியின் இருக்கையில் சுருண்டு உறங்கும் செவலையின் உடல்நிலையை விசாரித்து வந்தார். எட்டாம் நாள் அது வாலாட்டியது. அவருடைய உடல்நிலையை எந்த அலுவலகமும் விசாரிக்கவில்லை. முகவரி மட்டும் மூன்று முறை விசாரிக்கப்பட்டது.

பிடித்த இடத்திலேயே விடுக என்னும் விதி நாயின் மீதுள்ள பரிவினால் மட்டும் பிறந்ததன்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நாய் வண்டி என்றதும் ஒளிந்துகொண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. சென்னையில் 1860ஆம் ஆண்டளவில் தொடங்கிய பிடித்துக் கொல்லும் முறை ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் நடந்தும் நாயும் குறையவில்லை, கடியும் குறையவில்லை. (கொல்லப்பட்டவற்றின் தொகை பெருகப் பெருக, நாய்த்தோலில் கழுத்துப்பட்டியும் பணப்பையும் செய்து பார்க்கும் அளவுக்கு ஆராய்ச்சி வளர்ந்ததாகப் புளூ கிராஸ் அமைப்பினர் எழுதியுள்ளனர், அரசாங்கங்கள் சிக்கலைத் தீர்ப்பதைவிட அதிலிருந்து பொருள் செய்வதில் வல்லவை.) தெருவில் எச்சிலையும் இறைச்சிக் கழிவும் கிடக்கும்வரை, அகற்றப்பட்ட நாயின் இடத்திற்கு அடுத்த தெரு நாய் வந்துவிடுகிறது என்பதைக் கண்டபின்பே, 1990களின் நடுவில் சென்னை கருத்தடைக்கு மாறிற்று. ஊசி போட்ட பழைய நாய் தன் எல்லையைக் காத்து, ஊசி போடாத புதிய நாயைத் துரத்தும் என்பதே இதன் உட்பொருள். ஆனால் இது தொகை கூடினால்தான் பலிக்கும்: ஒரு வட்டாரத்து நாய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி சென்று சேர்ந்தால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பத்தில் இரண்டைப் பிடித்து விட்டுவிட்டு மீதி எட்டைக் குட்டி போட விடுவது கட்டுப்பாடாகாது. நாய்க்குப் போக்குவரத்து வசதி செய்து தருவதாகும்.

இவ்விடத்தில் புகழுரையைச் சற்று நிறுத்தவேண்டியிருக்கிறது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மருந்து கிடையாது. கிருமி நரம்பின் வழியே மூளைக்கு ஏறுவதால், முகத்திலும் தலையிலும் கடிபடும் குழந்தைக்குக் கிடைக்கும் அவகாசம் பெரியவரின் காலுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. பால் பாக்கெட் போடுபவர்க்கும், விடியுமுன் தெருப் பெருக்க வருபவர்க்கும், டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பும் சிறுமிக்கும் ஒளிந்துகொள்ள இரும்புக் கதவு இல்லை. அவர்கள் கையில் குச்சியோடு நடக்கிறார்கள். விதியின் முன்பாதியான அறுவை, ஊசி, கணக்கெடுப்பு எல்லாவற்றையும் அரைகுறையாக விட்டுவிட்டு, ‘அதே இடத்தில் விடுக’ என்னும் கடைசி வரியை மட்டும் கடிபட்டவன் முகத்தில் வாசித்துக் காட்டுவது வெட்கக்கேடு. தெருவும் தன் பங்குக்கு, தயிர்சாதம் வைக்கும் மாமியைத் திட்டுவதிலேயே பொழுதைப் போக்குகிறது. நாயின் வாயருகே கை கொண்டுபோய் ஊசிக்குப் பிடித்துத் தரக்கூடியவர் அந்த மாமி ஒருவர்தான் என்பதை அங்கு எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மன்னிக்கவும், மேற்கண்ட பத்தியைக் கெண்டைக்கால் எழுதிவிட்டது. தங்கள் நிர்வாகத் திறனில் மனுதாரர் கொண்டுள்ள நம்பிக்கை குன்றாமலே இருக்கிறது.

அந்நம்பிக்கையுடன் ஒரு சிறு நினைவூட்டல். உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2025 ஆகஸ்ட் 22 அன்று, நாய்களைப் பிடித்த இடத்தில் விடலாம் என்பதை உறுதிசெய்த அதே ஆணையில், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமாக நடந்துகொள்பவையும் அவ்வாறு விடப்படலாகாது என்று விலக்கும் வைத்தது. உணவிடுவதற்கு வார்டுதோறும் தனியிடம் ஒதுக்கவும் பணித்தது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றி, மறுபடி அங்கே விடக்கூடாது என்றும் கூறியது. அதன்படி திருவரங்கம் இரயில் நிலையத்து நாய் முகவரியை இழக்கிறது, உத்திர வீதி நாய் இழப்பதில்லை. மூர்க்கம் எனப்படுவது எது, எத்தனை கடிக்குப்பின் அது தொடங்குகிறது, அதை உறுதிசெய்பவர் யார் என்பதெல்லாம் தெளிவாகாத நிலையில், செவலை இன்னும் நன்னடத்தைச் சான்றுடனேயே திகழ்கிறது.

நாயின் வழக்கைக் கேட்பது திருவரங்கத்துக்குப் புதிதன்று. இங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாள் அயோத்தியில் இராமனின் குலதெய்வமாக இருந்து, வீடணன் வழியாகக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வந்தவர் என்பது தலபுராணம். அந்த இராமனின் அவைக்கு, தலையில் அடிபட்ட நாய் ஒன்று முறையிட வந்த கதை உத்தரகாண்டத்தில், இடைச்செருகல் எனக் கருதப்படும் பகுதியில் வருகிறது. அடித்தவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டபோது, அவனைக் காலஞ்சரத்தில் ஒரு நிறுவனத்துக்குத் தலைவனாக்குக என்றது நாய். அவை திகைத்தது. முற்பிறவியில் அந்தப் பதவியில் இருந்தது தானே என்றும், பொறுப்பாகத்தான் நடந்துகொண்டதாகவும், அப்படியிருந்தும் முடிவு இப்படி ஆயிற்று என்றும் நாய் விளக்கியது. அந்த அவையில் நாயின் முகவரியும் கேட்கப்படவில்லை, அடித்தவனின் முகவரியும் கேட்கப்படவில்லை என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருவது மனுதாரரின் கடமை.

வேண்டுவது பெரிதொன்றுமில்லை. செவலையைப் பிடித்துக் காதையும் ஏட்டையும் பார்த்து, கண்காணிப்பில் வைத்து, உண்மையிலேயே மூர்க்கமானதா என்று கால்நடை மருத்துவர் ஒருவர் எழுத்தில் சொல்லட்டும். மனுதாரருக்கு 0, 3, 7 ஆகிய நாள்களின் ஊசிகள் முடிந்தன. நான்காவது 28ஆம் நாள், வருகிற வெள்ளிக்கிழமை. மேலூர் சாலையிலிருந்து அதற்குப் போகும் வழியிலும் அவர் கிழக்கு உத்திர வீதியில் ஒரு வேலையாக இறங்கியாக வேண்டும். அன்று ஒரு காலைப்பொழுதுக்கு மட்டுமாவது அவரைத் தற்காலிகத் தெருவாசியாகக் கருதி, அதற்கான சான்றை நாய்க்குக் காட்டும் வகையில் வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
மனுதாரர்
(முகவரி: தங்கள் பரிசீலனையில் உள்ளது)