கேளுங்கள், சொல்கிறோம்

அமெரிக்க செனட்டருக்கும் நம் மாநிலங்களவை உறுப்பினருக்கும் என்ன ஒற்றுமை?
– பென்னாகரம் வாசகர்

இருவருக்கும் பதவிக்காலம் ஆறு! ராபர்ட் பெர்ட் அந்த ஆறிலேயே நீந்தி, 51 ஆண்டுகள் செனட்டராக இருந்தார். தருமபுரிக்காரர் எதிர்பார்ப்பதும் ஓர் ஆறுதான்: காவிரி. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல் கறைபட்ட ஊர்களுக்கு 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரத் தொடங்கியது. பதவியின் நீளத்தைவிடக் குழாயின் நீளமே பெரிது.

தருமபுரியில் தோற்ற அன்புமணி ராமதாஸ் அதே 2019இல் நாடாளுமன்றம் போனது எப்படி?
– பாலக்கோடு வாசகர்

வாசலில் வழியில்லை, மாடிப்படி இருந்தது. 2014இல் தருமபுரி மக்கள் மக்களவைக்கு அனுப்பினார்கள்; 2004, 2019 இரு முறையும் மேலவை. எந்தப் படியில் ஏறினாலும் ஊரை மறக்கக் கூடாது.

மத்திய சுகாதார அமைச்சராக அன்புமணி செய்ததில் உங்களுக்குப் பிடித்தது?
– அரூர் வாசகர்

எல்லோரும் புகழ் தேட, அவர் புகையை விரட்டினார். பொது இடங்களில் புகைக்கத் தடை நாடெங்கும் வந்த நாள் 2008 அக்டோபர் 2. அது காந்தி பிறந்த நாள். 1965இல் தருமபுரி மாவட்டம் பிறந்த நாளும்கூட!

மொரப்பூர்–தருமபுரி ரயில் வருமா?
– மொரப்பூர் வாசகர்

வந்து போனதுதானே! 1906இல் ஓடிய பாதையை 1941இல், போர்க்காலத்தில் மூடினார்கள். 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜல்லிக்கல் விழும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.