200 அடி ரோடு

கேள்வி: எங்கள் கீழ்க்கட்டளை வழியாகப் போகும் 200 அடி ரோட்டுக்கு வரலாறு என்று ஏதாவது உண்டா? (ஒரு வாசகி, கீழ்க்கட்டளை)

பதில்: உண்டு, ஆனால் பாதி தண்ணீரில் எழுதப்பட்டது! பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுக் கிளம்பி, கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், பள்ளிக்கரணை தாண்டி, துரைப்பாக்கத்தில் ஓ.எம்.ஆரைத் தொடுகிற மாநில நெடுஞ்சாலை 109 அது. சுமார் 10 கிலோமீட்டர்தான். உங்கள் ஊரில் அது குறுக்கே வெட்டுகிறதே, பரங்கிமலையிலிருந்து வரும் மேடவாக்கம் மெயின் ரோடு, அதுதான் மூத்தது. மெட்ரோ வேலை நடப்பதும் அந்த மூத்தவர் தலைமேல்தான்.

200 அடி ரோடு பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்தது. நாராயணபுரம் ஏரியை உரசி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள் புகுந்தது. ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுற்று மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் மழைநீர் ஏரி ஏரியாக இறங்கிச் சதுப்புக்குப் போன வழியும் அதுதானே? ரோட்டுக்கு நாம் பட்டா கொடுத்தோம். தண்ணீர் ஒவ்வொரு ஐப்பசியிலும் தன் பழைய பட்டாவோடு வந்து நிற்கிறது.

2022-இல் அந்தச் சதுப்புக்கு, ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. இனி ரோட்டை அகலப்படுத்துகிறவர்கள் முதலில் அடியில் தண்ணீர் போகும் சிறுபாலங்களை அகலப்படுத்தட்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் நீங்களும் கேளுங்கள்.