பிடி அரிசிப் பானை

எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மண்பானை இருந்தது. உலை கொதிக்கும்போது அம்மா அரிசியை அளந்து சுளகில் கொட்டுவாள்; களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கை அள்ளி, விரலிடுக்கில் ஒட்டிய மணிகளையும் தட்டிவிட்டு, அந்தச் சின்னப் பானையில் போடுவாள். வீட்டில் அரிசி தட்டுப்பாடான நாளிலும் அந்தக் கைப்பிடி குறைந்ததில்லை. வாரம் முழுதும் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் பிறந்தவர் என்றால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பானை இருந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. மறுநாள் ஓய்வுநாள் என்பதால் விறகு பிளப்பதும், தண்ணீர் இறைப்பதும், அம்மியில் மசாலா அரைப்பதும் இருட்டுவதற்குள் முடிந்தாக வேண்டும்; அரைத்த மல்லியின் மணமும் வெள்ளைச் சட்டைக்குத் தோய்த்த நீலத்தின் மணமும் கலந்து வரும்போதே மனசுக்குள் கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிடும். ஞாயிறு மத்தியானத்தில் தெரு அப்படி அடங்கிக் கிடக்கும், பனையோலை ஒன்று விழுந்தால்கூடக் கேட்கும். விளையாடக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது என்று அன்றைக்குக் கசந்த அந்த அமைதியை, ஞாயிறும் செவ்வாயும் ஒன்றாகிவிட்ட இந்த வயதில் எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் வந்தபோது எனக்குப் பத்து வயது. கூடப் படித்தவர்கள் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்க்க, நான் ஓலை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாட்டை மட்டும் கேட்டுவிட்டு, குடும்ப ஜெபத்துக்கு வீட்டுக்கு ஓடுவேன். ஒருநாள் அழுதபோது அம்மா அடிக்கவில்லை, வையவும் இல்லை. “நாம வேதக்காரங்கல்லா, நமக்கு அது வேண்டாம்ல” என்று மட்டும் சொன்னாள். கிறிஸ்தவர்களைக் குறிக்கும் ‘வேதக்காரங்க’ என்ற அந்தச் சொல் அன்று எனக்கு ஒரு வேலியாகத் தோன்றியது. இந்த உலகத்தின் வேஷத்தைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று பவுல் ரோமாபுரியாருக்கு எழுதியதை அம்மா இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அந்த வேலிக்குப் பின்னால் எத்தனை பேருடைய கண்ணீர் இருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. புது வேதத்தை ஏற்றதற்காகத் துரத்தப்பட்டவர்களுக்கென்று 1799-இல் உண்டான கிறிஸ்தவ ஊர்தான் முதலூர். டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு ஊழியம் செய்த பொன்னம்மாளும் மற்றப் பெண்களும், நகையில்லாத கழுத்தைக் கேவலமாகப் பேசிய காலத்தில், தங்கள் நகைகளைக் கழற்றி வைத்தார்கள். வித்தியாசமாக வாழ்வதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது.

இப்போது அந்த டாக்கீஸ் முழுவதும் என் சட்டைப்பையில் இருக்கிறது. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் ஆளுக்கொரு அறையிலிருந்து “இதோ வாரேன்” என்று குரல் மட்டும் வருகிறது. வருடப்பிறப்பு ஆராதனையில் கையில் வாங்கி, வேதப்புத்தகத்துக்குள் வருஷம் முழுதும் வைத்திருந்த வாக்குத்தத்த அட்டை, காலையில் வாட்ஸ்அப்பில் பத்துப் பேரிடமிருந்து வந்து மத்தியானத்துக்குள் மறந்துபோகிறது. இதில் நன்மையும் உண்டு. நடக்க முடியாத என் அக்கா படுக்கையில் இருந்தபடியே ஆராதனை பார்த்து, கூடவே கீர்த்தனை பாடுகிறாள். அந்தக் கைப்பேசியை நான் எப்படிக் குறை சொல்வேன்?

என்னை உறுத்துவது வேறு. சினிமாவையும் ஞாயிற்றுக்கிழமைக் கடையையும் அவ்வளவு கண்டிப்பாக விலக்கிய நாங்கள், ஊரோடு ஒத்துப்போன இடம் ஒன்று அன்றைக்கும் இருந்தது. கோயிலின் அசன விருந்தில் வாத்தியாரும் பனையேறியும் துணி வெளுப்பவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே அண்டாவிலிருந்து சோறும் கறிக்குழம்பும் வாங்கிச் சாப்பிடுவோம். அந்தப் பந்தியைப் போல அழகானதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் இலையை எடுத்ததும் அவரவர் தெரு, அவரவர் சம்பந்தம். 1833-இலேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபை அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூரில் பலர் கோயிலையே விட்டு வெளியேறினார்கள். இன்றைக்கும் மணமகன் தேவை விளம்பரத்தில் ‘சி.எஸ்.ஐ.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் நிற்கிறது. என் மூத்த மகளுக்காக நான் கொடுத்த விளம்பரத்திலும் நின்றது. எத்தனை பவுன் என்று கேட்டார்கள், நானும் சொன்னேன். முடிந்துபோனதை மாற்ற முடியாது, ஆனாலும் அது என்னைத் தூங்கவிடாத இரவுகள் உண்டு.

அப்படி ஓர் இரவில்தான் அம்மாவின் பானை நினைவுக்கு வந்தது. சாப்பிட்டு மிஞ்சினதை அவள் கர்த்தருக்குக் கொடுக்கவில்லை. சோறு போதுமா போதாதா என்று தெரிவதற்கு முன்பே, உலையில் போடுவதற்கு முன்பே எடுத்து வைத்தாள். வேதக்காரர் என்று சொல்லிக்கொள்வதன் அர்த்தம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. ஐம்பது வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

இளையவனுக்கு இப்போது பெண் பார்க்கிறோம். முதல் நாளே, ஜாதகம் போலத் தரகர் நீட்டிய படிவத்தில் சாதி என்ற இடத்திலும் பவுன் என்ற இடத்திலும் கோடு போட்டுக் கொடுத்தேன். “அண்ணாச்சி, அப்புறம் வரன் அமையலேன்னு என்னைச் சொல்லக் கூடாது” என்றார் அவர். சொல்ல மாட்டேன் என்றேன்.