கொம்பு முளைத்த வீரன்

கேள்வி: என் மகன் கையில் வைக்கிங் வீரனைப் பச்சை குத்தப் போகிறானாம். கறுப்பும் சாம்பலும் மட்டும்தானாம், அசல் முகம் மாதிரியே இருக்குமாம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில் வைக்கிங்குக்கு என்ன வேலை?
– ஒரு தகப்பன், முத்தியால்பேட்டை

பதில்: ரொம்பத் தூரத்து உறவு இல்லை. காரைக்கால் பஸ் ஏறினால் வழியில் தரங்கம்பாடி; வைக்கிங்குகளின் வாரிசுகளான டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். வந்தது கொள்ளையடிக்க அல்ல, மிளகு வாங்க!

டிசைனில் ஒன்றை மட்டும் பாருங்கள். தலைக்கவசத்தில் கொம்பு இருந்தால் அது வைக்கிங் இல்லை, நாடக நடிகர். 1876-இல் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வரைந்தவர் மாட்டிவிட்ட கொம்பு அது. சாம்பல் நிறமும் பெரிய ரகசியமில்லை. கறுப்பு மையில் தண்ணீர். நம் பால்காரர் உத்திதான்.

ஆனால் 922-வாக்கில் வோல்கா நதிக்கரையில் அந்த வடக்கத்தி வணிகர்களைப் பார்த்த அரபுப் பயணி இப்னு ஃபத்லான், நகம் முதல் கழுத்து வரை அடர்பச்சையில் உருவங்கள் என்று எழுதிவைத்தார். ஆக, அசல் வேண்டுமென்றால் பச்சையையே குத்தச் சொல்லுங்கள். உங்கள் ஆயாவிடம் கேட்டால் கூடவே ஒரு தேளும் போடச் சொல்வார்.